துண்டாடப்பட்ட கேள்வி

நமது சமூகத்தில் ஸ்தாபனங்களுக்குப் பஞ்சமில்லை. பத்து பாகாட் போன்ற ஒரு நடுத்தர ஊரை எடுத்துக்கொள்வோம். ஆலயத்துக்கு ஒரு நிர்வாக சபை, தமிழ்ப்பள்ளிக்கு ஒரு வாரியம், அதன் அருகே பெற்றோர் ஆசிரியர் சங்கம், தொழிலாளருக்குத் தொழிற்சங்கம், வாக்காளருக்குக் கட்சிக் கிளை, சேமிப்பவருக்குக் கூட்டுறவுச் சங்கம், இளைஞருக்கு மன்றம் என்று இத்தகைய ஊர்களில் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றுக்கும் தலைவர் உண்டு, காரியதரிசி உண்டு, பொருளாளர் உண்டு, ஆண்டறிக்கையும் மாலை மரியாதையும் உண்டு. ஆனால், யோங் பெங் போன்ற உட்பகுதித் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு குடும்பம் வந்து, “தோட்டம் கைமாறுகிறது, வீட்டை விடச் சொல்லுகிறார்கள், பிள்ளையின் பள்ளியும் போய்விடும் போலிருக்கிறது, எங்கே போவது?” என்று கேட்டால், இத்தனை ஸ்தாபனங்களில் எது அதைத் தன் காரியமென்று ஏற்றுக்கொள்ளும்? ஒவ்வொன்றும் அதில் ஒரு துண்டை எடுத்துக்கொள்ளும். மிச்சத்துக்கு அடுத்த கதவைக் காட்டும்.

இதற்கு நம்மவர் வழக்கமாகச் சொல்லும் சமாதானங்கள் மூன்று. தலைவர்கள் சுயநலக்காரர்கள் என்பது ஒன்று. ஜனங்களிடம் ஒற்றுமையில்லை என்பது மற்றொன்று. போதிய பணமில்லை என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை சிறிது இருக்கலாம். ஆனால் தலைவர்கள் எத்தனையோ முறை மாறியிருக்கிறார்கள். ஜனங்கள் ஒன்றுகூடிய சமயங்களும் உண்டு. பணம் திரண்ட காலங்களும் உண்டு. இவை யாவும் மாறியும் கேள்வி மாறாமல் நிற்குமானால், கோளாறு ஆட்களிடத்தில் மட்டும் இல்லை என்பது வெளிப்படை. தோட்டங்கள் துண்டாடப்படுவதை எதிர்க்கப் புறப்பட்ட சமூகம் தன் கேள்வியைத் தானே துண்டாடிக்கொண்டது என்பதே நமது அபிப்பிராயம். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே பட்டியல்

இலக்கிய அனுபந்தத்தில் தொழிலாளர் கோரிக்கைப் பட்டியலுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். மலாயாத் தமிழர் வாழ்வைப் பற்றிப் பல காவியங்கள் சொல்லாததைச் சொல்லும் பட்டியல் ஒன்று உண்டு. 1941-ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளே அவை. ஒரு நூலை வாசிப்பதைப்போல் பொறுமையுடன் அவற்றை வாசிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.

சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும் என்றார்கள். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும் என்றார்கள். இவை எந்தத் தொழிலாளரும் கேட்கக்கூடியவை. ஆனால் அதே பட்டியலில், பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும், தகுந்த வைத்திய வசதி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், தோட்டத்துப் பெண்களிடம் மேலாளர்கள் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும், உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும், பேசவும் கூடவும் சங்கம் அமைக்கவும் உரிமை வேண்டும் என்பவையும் இருந்தன. துரைமார் எதிரிலும் கிராணிமார் எதிரிலும் சைக்கிளில் ஏறிச் செல்ல அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது.

அந்தச் சைக்கிளைச் சற்றுக் கவனிக்க வேண்டும். இன்றைய ஸ்தாபனங்களுள் எதனிடம் அந்தக் கோரிக்கையைக் கொண்டுபோய்க் கொடுப்பது? தொழிற்சங்கம் அது சம்பள ஒப்பந்தத்தில் அடங்காது என்னும். பள்ளி வாரியத்துக்கு அதில் சம்பந்தமில்லை. கட்சி அதை மகாநாட்டுத் தீர்மானத்தில் ஒரு வரியாகச் சேர்க்கும். எழுதியவர்களுக்கோ அதில் சந்தேகமே இருக்கவில்லை. சைக்கிளிலிருந்து இறக்கப்படும் மனிதனும், குறைந்த கூலி பெறும் மனிதனும், கள்ளுக்கடையில் கூலியை இழக்கும் மனிதனும், எழுத்தறியாப் பிள்ளையின் தகப்பனும் ஒருவனே என்பதை அவர்கள் கண்டார்கள். கூலியை உயர்த்திவிட்டுக் கள்ளுக்கடையைத் திறந்து வைத்தால் உயர்ந்த கூலி எங்கே போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். பெண்ணுக்குப் பாதுகாப்பில்லாத தோட்டத்தில் பள்ளி மட்டும் இருந்து என்ன பயன் என்பதும் தெரியும். ஒன்றை விட்டால் மற்றொன்று நிற்காது. இந்த அறிவு எந்தச் சர்வகலாசாலையிலும் கற்றதன்று, வாழ்ந்து கற்றது.

அந்த இயக்கத்தின் முடிவு எல்லோரும் அறிந்ததே. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தில் முன்னின்ற ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசர நிலை பிறப்பிக்கப்பட்டது. படை வந்தது. தொழிலாளர் துப்பாக்கிக்கு இரையாயினர். அவ்வாண்டின் இறுதியில் ஜப்பானியர் படையெடுப்பும் வந்தது. பட்டியல் நிறைவேறாமலே மடிக்கப்பட்டது.

பங்கீடு

யுத்தத்துக்குப் பின் ஸ்தாபனங்கள் பெருகின. 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. 1954-இல் பல சங்கங்கள் ஒன்றாகித் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. அதற்கு முன்பே, 1932-இல் சிங்கப்பூரில் பிறந்த தமிழர் சீர்திருத்தச் சங்கமும் அதனைப் பின்பற்றிய ஊர்ச் சங்கங்களும் சாதி வேற்றுமையையும் வீண் சடங்குகளையும் குடியையும் எதிர்த்துப் பிரசாரம் செய்து வந்தன. இவை எல்லாம் செய்த நன்மைகளை நாம் மறுக்கவில்லை. மறுப்பது நன்றிகெட்ட தனமாகும்.

ஆனால் என்ன நடந்தது? கூலியைத் தொழிற்சங்கம் எடுத்துக்கொண்டது. சட்டசபை ஸ்தானங்களைக் கட்சி எடுத்துக்கொண்டது. பள்ளியை வாரியம் எடுத்துக்கொண்டது. குடியையும் சாதியையும் சீர்திருத்தச் சங்கம் மேடையில் எடுத்துக்கொண்டது. நிலத்தைப் பிறகு கூட்டுறவுச் சங்கம் எடுத்துக்கொண்டது. ஒரே பட்டியலாய் இருந்தது ஐந்தாறு நிகழ்ச்சி நிரல்களாயிற்று. ஒவ்வொரு ஸ்தாபனமும் தன் பகுதியில் உழைத்தது, தேர்ச்சியும் பெற்றது. பகுதிகளுக்கு நடுவிலுள்ள மூட்டுவாய்கள் மாத்திரம் எவருடைய பொறுப்பிலும் இல்லாமற் போயின. உடம்பில் வலி பெரும்பாலும் மூட்டில்தான் வருகிறது.

தோட்டம் கைமாறும்போது இதனைத் தெளிவாகக் காணலாம். மலாயாக் கூட்டு மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்கும்படி முதலாளிமாரைக் கட்டாயப்படுத்தியது. அதனால் பள்ளிகள் எழுந்தன. ஆனால் தோட்டத்து நிலத்தில் எழுந்தன. வீடும் அப்படியே, வேலையோடு கட்டப்பட்ட வீடு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது கைகள் குறைவாகவே தேவைப்பட்டன. செம்பனைத் தோட்டம் வீடமைப்பு நிலமானபோது கைகளே தேவையற்றுப் போயின. வேலை போனால் வீடு போகும். வீடு போனால் பிள்ளைகள் போவார்கள். பிள்ளைகள் போனால் பள்ளி மெலியும். பள்ளியை ஊருக்கு மாற்றலாமென்றால், கல்வி மத்திய சர்க்காரின் அதிகாரத்தில் இருக்கிறது. நிலம் மாநில சர்க்காரின் அதிகாரத்தில் இருக்கிறது. பழைய பள்ளி நின்ற இடமோ கம்பெனியின் சொத்து. நாடு விடுதலை பெற்ற காலத்தில் 880-க்கு மேற்பட்டிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530-க்குச் சற்றுக் குறைவாக நிற்கின்றன. இக்குறைவை மொழிப்பற்றின் குறைவு என்று மேடையில் பேசுவது எளிது. உண்மையில் அதன் பெரும்பகுதி வீட்டுப் பிரச்சினை, நிலப் பிரச்சினை, வேலைப் பிரச்சினை. பள்ளி வாரியம் மட்டும் அழுது தீர்க்கக்கூடிய காரியமன்று.

வீட்டைப் பற்றி இன்னும் ஒரு சொல். 1990-ஆம் ஆண்டுச் சட்டமொன்று தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் குறைந்தபட்ச வசதிகளை விதித்தது. நல்லதே. எனினும் அது வேலையிலிருக்கும் வரைக்கும் உள்ள வீட்டைப் பற்றிய சட்டம். முப்பது வருஷம் பால்வெட்டியவர் ஓய்வு பெறும் நாளில் எந்தக் கூரையின் கீழ் படுப்பார் என்பது அதன் கேள்வியன்று. சம்பளக் கணக்கிலும் அது வராது. பள்ளிக் கணக்கிலும் வராது. 1969-க்குப் பின் வேலை அனுமதி முறை வந்தபோது, பிரஜா உரிமைப் பத்திரமில்லாத தோட்டத் தொழிலாளர் சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குப் போக நேர்ந்ததும் இப்படியே. பத்திரம் பெறுவது எவருடைய முதற்காரியமாகவும் இருக்கவில்லை. ஆகவே அது காலம் கடந்த பின்னரே எல்லோருடைய துக்கமுமாயிற்று.

பத்து வெள்ளி

மேற்சொன்ன பங்கீட்டை மீறி, கேள்வியின் இரண்டு மூன்று பகுதிகளைச் சேர்த்துப் பிடித்த முயற்சி ஒன்றும் நம்மிடம் உண்டு. 1950-களில் ஆங்கிலக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டபோது, வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி விற்கத் தொடங்கினர். துண்டாடல் என்ற சொல் அப்போதுதான் தோட்ட மக்கள் வாயில் பயங்கரச் சொல்லாயிற்று. அதற்கு விடையாக 1960-இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளி மாதம் பத்து வெள்ளி கட்டி நூறு வெள்ளிப் பங்கைப் பெறலாம். 1961-இல் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பின்னர் வேறு தோட்டங்களும் சேர்ந்தன. தோட்டங்களில் கூலியாய் நின்றவனின் காசு தோட்டம் வாங்கியது என்பது சாமானியமான செய்தியன்று. இச்சங்கம் இன்றும் நிலைத்து நிற்கிறது என்பதும் பாராட்டுக்குரியதே.

இருந்தும் இதனை விமரிசிக்காமல் விடுவதற்கில்லை. சிறந்த முயற்சியிடத்தில்தான் கடினமான கேள்வியைக் கேட்க வேண்டும்; தாழ்ந்ததிடம் கேட்டு என்ன பலன்? அந்தப் பத்து வெள்ளிக்குள் இரண்டு கொள்கைகள் இருந்தன. தோட்டம் சிதையாமல் காக்கப்பட வேண்டும் என்பது ஒன்று. அதில் உழைப்பவன் அதன் உடையவனாக வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதை ஏக்கர்க் கணக்கில் அளக்கலாம், லாப ஈவில் காட்டலாம், ஆண்டறிக்கையில் அச்சடிக்கலாம். இரண்டாவது அப்படியன்று. பங்குச் சீட்டு வைத்திருப்பவன் ஒரு தோட்டத்திலும், அந்தப் பணத்தால் வாங்கிய தோட்டத்தில் வேலை செய்பவன் வேறொரு தோட்டத்திலும் இருக்கலாம். உடைமையும் உழைப்பும் ஒரே மனிதனிடம் சேரவேண்டும் என்ற எண்ணம், சீட்டும் ஈவுமாகச் சுருங்க இடமுண்டு. அளக்கத்தக்க கொள்கை வளரும். அளக்க முடியாத கொள்கை விழாப் பேச்சுக்குப் போய்விடும். இது ஒரு சங்கத்தின் குற்றமன்று. ஸ்தாபனங்கள் யாவற்றுக்கும் பொதுவான இயல்பு.

தொடக்கக் கொள்கை ஏன் புதுப்பிக்கப்படுவதில்லை

பத்து பாகாட் என்ற பெயருக்கே உளியால் செதுக்கிய கல் என்பது பொருள். மலாக்காவைத் தாக்க வந்த சயாமியப் படையினர், குடிநீருக்காக மின்யாக் பெக்குக் கரையில் பாறையைக் குடைந்து கிணறு வெட்டினர் என்பது ஊர் வழக்கு. வெட்டியவர்களுக்கு வேண்டியிருந்தது தண்ணீர். இன்று அங்கே போகிறவர்கள் பார்ப்பது கல்லை. ஸ்தாபனங்களின் கதியும் பெரும்பாலும் இதுவே. தாகத்துக்காக வெட்டுகிறோம்; பிறகு தாகத்தை மறந்து வெட்டியதைக் காவல் காக்கிறோம்.

இதற்குக் காரணங்கள் பல. ஸ்தாபகரின் பெயர் அவருடைய கேள்விக்குப் பதிலாக நின்றுவிடுவது முதற்காரணம். படத்துக்கு மாலை போட்டால் கொள்கையைக் காப்பாற்றியதாக எண்ணிக்கொள்ளுகிறோம். மூட நம்பிக்கையைக் கண்டித்த சீர்திருத்தச் சங்கங்களும் இதற்கு விலக்கல்ல. கல்லைக் கும்பிடாதே என்று சொன்னவரின் படத்துக்குக் கற்பூரம் இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

கேள்வி கேட்பவனைத் துரோகியாகக் கருதுவது இரண்டாவது காரணம். பொதுக்கூட்டத்தில் எழுந்து, “நாம் எதற்காகத் தொடங்கினோம்?” என்று கேட்கும் அங்கத்தினர், எதிர்க் கோஷ்டியால் அனுப்பப்பட்டவராகவே பார்க்கப்படுகிறார். ஆகவே கேட்கத் தெரிந்தவர்கள் மெல்ல வெளியேறுகிறார்கள். கைதட்டத் தெரிந்தவர்கள் மிஞ்சுகிறார்கள்.

மூன்றாவது காரணமே எல்லாவற்றிலும் பெரியது. பிரச்சினை இடம் மாறிவிடுகிறது. ஸ்தாபனம் பழைய இடத்திலேயே காத்திருக்கிறது. கள்ளுக்கடைகள் போயின, சம்சுச் சாராயம் வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் பத்து பாகாட்டின் துணித் தொழிற்சாலைகளுக்கும், ஜொகூர் பாருவுக்கும், பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூருக்கும் போனார்கள். தோட்டத்துக்கென்று அமைந்த சங்கத்தில் அவர்கள் அங்கத்தினரல்லர். நகரத்துக்கென்று அமைந்த சங்கத்துக்கு அவர்களைத் தெரியாது. 1907-இல் தென்னிந்தியத் தொழிலாளரைக் கொண்டுவரும் செலவுக்காகக் குடியேற்ற நிதி ஒன்று அமைந்தது. 1938-இல் இந்திய சர்க்கார் அவ்விதக் குடியேற்றத்தைத் தடுத்துவிட்டது. அந்த நிதி தொழிலாளர் நலனுக்கான புதிய சட்டமும் பெயரும் பெற்றது 1958-இல்தான். நடுவே யுத்தம் வந்தது உண்மையே. ஆயினும் வேலை முடிந்த பாத்திரத்துக்கு வேறு வேலை கண்டுபிடிக்க இருபது ஆண்டுகள் பிடித்தன என்பதும் உண்மையே.

இன்னொரு மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையுள்ளவர்களாக மாட்டோம். நம் பாட்டன்மார் நின்ற இடத்தில், அந்தச் செம்பனை நிழலில், இன்று பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் நிற்கிறார்கள். கடவுச்சீட்டு தம் கையில் இல்லாமை, கடன்பட்டு வந்து சேர்தல், முதலாளியை மாற்ற முடியாமை என்று அவர்களில் பலர் சொல்லும் குறைகள் நம்மவருக்குப் புதியனவல்ல. 1941-இன் பட்டியல் தமிழனுக்காக எழுதப்பட்டதா, தொழிலாளிக்காக எழுதப்பட்டதா? தமிழனுக்காக மட்டுமே என்றால், தோட்டத்தில் தமிழன் குறைந்ததும் அதைக் கிழித்துவிடலாம். தொழிலாளிக்காக என்றால், அந்தப் பட்டியலின் வாரிசுகள் யார் என்பதை நமது ஸ்தாபனங்கள் யோசிக்க வேண்டும். தொடக்கக் கொள்கைக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை வேறில்லை.

ராச்டேல் கற்பிப்பது

கொள்கையைப் புதுப்பிப்பது முடியாத காரியமென்று சொல்லுவதற்கில்லை. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் என்னும் ஊரில் 28 பேர் சேர்ந்து ஒரு சிறு கடை வைத்தனர். கலப்படமற்ற பொருள், ஆளுக்கு ஒரு வாக்கு, உபரியில் ஒரு பங்கு கல்விக்கு என்பன போன்ற விதிகளை வகுத்தனர். உலகக் கூட்டுறவு இயக்கம் அவ்விதிகளைத் தன் தொடக்கமாகக் கொண்டது. ஆனால் அவற்றைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. 1937-இலும், 1966-இலும், 1995-இலும் சர்வதேசக் கூட்டுறவு அமைப்பு அவற்றை மேசையில் வைத்து, எது உயிர், எது உடை என்று பிரித்துப் பார்த்துத் திருத்தி எழுதியது. சுற்றியுள்ள சமூகத்தின்மீது அக்கறை என்பது 1995-இல்தான் தனிக் கொள்கையாகச் சேர்ந்தது. திருத்தியதால் ராச்டேல் அழியவில்லை. திருத்தாதிருந்தால் அழிந்திருக்கலாம். நமது சங்கங்களில் எத்தனை, தம் நோக்கப் பிரகடனத்தைத் தலைமுறைக்கு ஒரு தரமாவது இப்படிப் படித்துப் பார்த்திருக்கின்றன?

அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே பெரிய ஸ்தாபனமாகச் சேர்த்துவிடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பதே நமது பதில். ஆசிரியர் சம்பளப் பேரம் பேசத் தேவையில்லை. தொழிற்சங்கக் காரியதரிசி பாடம் நடத்தத் தேவையில்லை. எல்லாம் ஒரே கையிலிருந்தால் அந்தக் கை தளரும்போது எல்லாம் தளரும். வேலையைப் பங்கிடுவது தவறன்று. கேள்வியைப் பங்கிட்டுவிட்டு, முழுக் கேள்வியையும் நினைவில் வைத்திருக்க ஒருவரையும் நியமிக்காமல் விட்டதே தவறு.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியமன்று. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஆண்டுக்கு ஒரு நாள் எல்லா ஸ்தாபனங்களும் கூடட்டும். தீர்மானம் நிறைவேற்றவன்று, பட்டியல் எழுத. அதை எழுதுகிறவர்கள் தலைவர்களாக இருக்க வேண்டியதில்லை. வீடு இழக்கப்போகிறவர், ஓய்வு பெற்ற பால்வெட்டுக்காரர், தொழிற்சாலைக்குப் போகும் பெண், பத்திரமில்லாத பிள்ளையின் தாய், கடல் கடந்து வந்த தொழிலாளி ஆகியோர் சொல்லட்டும், காரியதரிசிகள் எழுதட்டும். ஒவ்வொரு ஆண்டறிக்கையிலும் சாதித்தவற்றின் அடியில், “எங்களால் முடியாமற்போனவை, அவற்றை எவரிடம் ஒப்படைத்தோம்” என்று ஒரு பக்கம் அச்சாகட்டும். ஸ்தாபகர் தினத்தில் மாலைக்கு முன்னால் அவர் தொடங்கிய கேள்வி உரக்க வாசிக்கப்படட்டும். அதற்குக் கடந்த ஆண்டில் என்ன விடை கிடைத்தது என்பதைத் தலைவர் எழுந்து சொல்லட்டும்.

குறைந்தபட்சச் சம்பளம் சட்டமாகி 2013 முதல் அமலுக்கு வந்தது. வேறு பல கோரிக்கைகளும் காலப்போக்கில் நிறைவேறியுள்ளன. ஆனால் அவை ஒவ்வொன்றாய், வெவ்வேறு கையால், வெவ்வேறு காலத்தில் வந்தன. அதனால் வேலை முடிந்த நாளில் தனக்கென ஒரு கூரையில்லாத முதியவர் இன்னும் நம்மிடையே இருக்கிறார். அவரைக் கேட்டால் தம் குறை எந்தத் துறையைச் சேர்ந்தது என்று அவரால் சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேண்டியவர் அவரல்லர். அவருக்கு விடை சொல்லும் வரை, நமது ஸ்தாபனங்கள் எத்தனை மாடி கட்டினாலும், தாங்கள் எதற்காகத் தொடங்கப்பட்டோம் என்பதற்கு இன்னும் கணக்குக் கொடுக்க வேண்டியவையே.